இரைப்பையைக் குறைக்கும் முன்னா, பின்னா? சாப்பாட்டுப் பழக்கத்தை எப்போது மாற்றுவது

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்ததும் பல வீடுகளில் ஒரு சின்னத் திருவிழா தொடங்கிவிடுகிறது. "இனிமேல் எங்கே சாப்பிடப் போகிறாய்" என்று ஒரு நாள் பிரியாணி, மறுநாள் கொத்து பரோட்டா, அதற்கடுத்து அத்தை வீட்டு விருந்து. இது ஒரு வழி. இரைப்பை முழு அளவில் இருக்கும்போதே, சில மாதங்களுக்கு முன்பிருந்து சாப்பிடும் முறையை மாற்றிப் பழகிக்கொள்வது இன்னொரு வழி. மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. முதல் வழியை எடுப்பவர்களிடம் ஒரு நியாயம் இருப்பதை நான் மறுக்கமாட்டேன். "ஆபரேஷன் முடிந்தால் சாப்பாடு தானாகக் குறையப் போகிறது. இப்போதே எதற்கு வாயைக் கட்ட வேண்டும்?" என்கிறார்கள்.

பாதி உண்மை. இந்த அறுவையில் இரண்டு முறைகள் முக்கியம்: ஸ்லீவ், பைபாஸ். ஸ்லீவ் முறையில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கு, சில சமயம் அதற்கும் சற்றுக் கூடுதலாக, வெட்டி எடுக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுகிறது. பைபாஸில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை மட்டும் மேலே விடப்பட்டு, அது நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கப்படுகிறது. ஆகவே முதல் சில மாதங்களில் அளவு குறைவது உறுதி. ஆனால் எதைச் சாப்பிடுகிறோம், எவ்வளவு வேகமாக, எந்த மனநிலையில், இரவு எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் கத்தி தொடுவதில்லை. முறுக்கும் மிக்சரும் சர்க்கரை போட்ட காபியும் புது இரைப்பை வழியாகவும் தடையில்லாமல் இறங்கிவிடும். பசி மங்கியிருக்கும் முதல் ஓராண்டு கையில் கிடைக்கும் அரிய காலம். அதைப் பழக்கத்தைப் பயன்படுத்தச் செலவிட வேண்டுமே தவிர, பழக்கத்தைக் கற்கச் செலவிடக் கூடாது என்பது என் கருத்து.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முன்பே பழகுங்கள் என்றால் முன்பே பத்து கிலோ குறையுங்கள் என்று பொருளில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் கட்டாயப்படுத்தும் முன்கூட்டிய எடைக்குறைப்பால் பிற்கால விளைவு மேம்படுகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கப் பேரியாட்ரிக் (எடைக்குறைப்பு) அறுவை மருத்துவர் சங்கமே 2016-இல் அறிவித்திருக்கிறது. தராசு முள்ளை விட்டுவிடுங்கள். மென்று சாப்பிடுவது, தண்ணீரைத் தனியாகக் குடிப்பது, புரதத்தை முதலில் எடுப்பது, நேரத்துக்குச் சாப்பிட்டு நடுவில் வாயை மூடுவது, இந்த நான்கையும் பழகினால் போதும்.

நம் சாப்பாட்டில் இரண்டாவதுதான் கடினம். சாம்பார், ரசம், மோர் என்று மூன்று திரவங்களைச் சோற்றோடு குழைத்து விழுங்குகிறோம், இடையில் தண்ணீரும் குடிக்கிறோம். ரசம் சாதத்தை மெல்ல வேண்டிய தேவையே இல்லை. அது தானாக இறங்கும். குறைந்த கொள்ளளவுள்ள இரைப்பையில் திரவமும் திடமும் சேர்ந்தால் ஆரம்பத்தில் நெஞ்சு அடைக்கும், பிற்பாடு உணவு சீக்கிரம் வழிந்து போய் வயிறு நிறைந்த உணர்வே வராது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்தே தண்ணீர் என்று எல்லா மருத்துவமனைகளும் சொல்வது இதனால்தான். இந்த விதிக்கான ஆய்வுச் சான்று அவ்வளவு வலுவானதில்லை. இருந்தும் நான் அதை வலியுறுத்துகிறேன், ஏனென்றால் தண்ணீரை நிறுத்தியதும் சாப்பிடும் வேகம் தானாகப் பாதியாகிவிடுகிறது. ஐம்பது வயது வரை சோற்றைப் பிசைந்து விழுங்கிய ஒருவர் வயிற்றில் தையலோடு இதைக் கற்றுக்கொள்வதைவிட, வலியில்லாத நாட்களில் கற்றுக்கொள்வது எவ்வளவோ எளிது.

காப்பீட்டை நம்பியிருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது நிபந்தனைப்படி பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கட்டுப்படாத சர்க்கரை நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்றவை இருந்து, மற்ற எடைக்குறைப்பு முறைகள் பலனளிக்காமல் போயிருக்க வேண்டும். ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்பது 2022-இல் வந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல். மருத்துவர் தகுதி என்று சொன்னாலும் காப்பீட்டில் கைவிரிக்கப்படுவது இந்த இடைவெளியால்தான். உணவுக் கட்டுப்பாட்டை முயன்றதற்குத் தேதியோடு ஆலோசனைச் சீட்டுகள் இருந்தால் அவை கோப்பில் இருக்கட்டும்.

கடைசி இரண்டு வாரம்: பவுடரா, வீட்டுச் சமையலா?

இந்த இரண்டு வாரக் கட்டுப்பாடு பழக்கத்துக்கானது இல்லை, கல்லீரலுக்கானது. கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல் படர்ந்திருக்கிறது. உடல் பருமனானவர்களுக்கு அது கொழுப்பேறி வீங்கியிருப்பதால், சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்வது அறுவை மருத்துவருக்குப் பெரும்பாடு. மாவுச்சத்தை வெட்டி நாளுக்கு 800 முதல் 1000 கலோரிக்குள் நிறுத்தினால், கல்லீரலில் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தும் அதோடு ஒட்டியிருக்கும் நீரும் முதலில் வெளியேறுகின்றன, கொழுப்பும் ஓரளவு குறைகிறது. இரண்டே வாரத்தில் மடல் சுருங்குவது ஸ்கேனில் தெரியும்.

இதற்கு ஒரு வழி மூன்று வேளையும் புரதப் பவுடர் கரைசல். யோசிக்க எதுவுமில்லை, அளவு தவறாது, வைட்டமின்களும் கலந்திருக்கும். ஆனால் செலவு அதிகம், மலச்சிக்கல் வரும், நான்காம் நாளிலேயே அந்த வெனிலா வாசனை குமட்டத் தொடங்கிவிடும். இன்னொரு வழி வீட்டுச் சமையல்: முட்டை, மீன், பனீர், கீரைப் பொரியல், சுரைக்காய்க் கூட்டு, நீர்மோர். வயிறும் மனமும் ஏற்கும். சிக்கல் எங்கே என்றால் நம் கரண்டிக்கு அளவில்லை. "ஒரு கரண்டி சாதம்தானே", "தாளிக்கக் கொஞ்சம் எண்ணெய் வேண்டாமா" என்று கட்டுப்பாடு நழுவும். சமைப்பவர் ஒருவர், சாப்பிடுபவர் வேறொருவர் என்றால் இன்னும் மோசம்.

நான் பரிந்துரைப்பது கலப்பு வழி: காலையும் இரவும் பவுடர், மதியம் சோறில்லாத ஒரு வீட்டுச் சாப்பாடு. பிஎம்ஐ மிக அதிகம், கல்லீரல் பெரிதாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால் மட்டும் முழுவதும் பவுடர்.

எந்த வழியை எடுத்தாலும் சர்க்கரை நோயாளிகள் முதல் நாளே மருந்தளவைப் பற்றிப் பேசிவிட வேண்டும். இன்சுலினையும் கிளிமிபிரைடு வகை மாத்திரைகளையும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின் போல 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகள் மாவுச்சத்தில்லாத உணவோடு சேர்ந்தால் இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. அப்போது இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது என்பதால் கண்டுபிடிப்பதும் தாமதமாகும்.

ஸ்லீவா, பைபாஸா: வாய் சொல்வதைக் கேட்கலாமா?

"இனிப்புப் பிரியர்களுக்கு பைபாஸ், அளவு சாப்பிடுபவர்களுக்கு ஸ்லீவ்" என்று ஒரு பழைய கணக்கு இன்னும் வழக்கில் இருக்கிறது. பைபாஸ் செய்துகொண்டவர் பாயசம் குடித்தால் சர்க்கரை திடுமெனச் சிறுகுடலில் விழும். பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, வயிற்றுப்போக்கு வரலாம். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்து தலை சுற்றும். இதை டம்பிங் என்கிறார்கள். இந்தப் பயமே இனிப்பை நிறுத்திவிடும் என்பதுதான் கணக்கு. நடைமுறையில் இது எல்லோருக்கும் வருவதில்லை, வந்தவர்களுக்கும் காலப்போக்கில் மங்கிவிடுவதுண்டு. இனிப்புப் பிரியர்கள் ஒரு குறிப்பிட்ட அறுவை முறையில்தான் அதிகம் இளைப்பார்கள் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவும் இல்லை. பனங்கற்கண்டு, தேன், நாட்டுச் சர்க்கரை என்று மாற்றினால் டம்பிங் வராது என்பதும் வீண் நம்பிக்கை. குடலுக்கு அதெல்லாம் சர்க்கரைதான்.

நாவின் ருசியைவிட நெஞ்செரிச்சல் இங்கே நல்ல வழிகாட்டி. பின்லாந்தில் 240 பேரைக் கொண்டு நடந்த ஸ்லீவ்பாஸ் ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 2022-இல் வெளிவந்தன. உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்துகொண்டவர்களில் 31 சதவீதம், பைபாஸில் 7 சதவீதம். இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்த எடையில் குறைந்த பங்கு ஸ்லீவில் சுமார் 43.5 சதவீதம், பைபாஸில் 50.7. எடையில் வித்தியாசம் சிறிது, எரிச்சலில் பெரிது. இரவு ஒன்பதரை மணிக்குக் காரக்குழம்பும் அப்பளமும் சாப்பிட்டு உடனே படுப்பவர், ஏற்கெனவே அமில மாத்திரையில் ஓடிக்கொண்டிருப்பவர் ஸ்லீவைக் கேட்பதற்கு முன் எண்டோஸ்கோப்பி முடிவை வைத்து மருத்துவரிடம் பேசட்டும்.

பைபாஸ் பக்கம் வேறு விலை இருக்கிறது. இரும்பு, கால்சியம், பி12 உறிஞ்சப்படுவது கூடுதலாகக் குறையும். தலைவலி, மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்றவற்றைக் கடையில் வாங்கி விழுங்க முடியாது. இரைப்பைப் பையும் குடலும் சேரும் இணைப்பில் புண் வரலாம். புகைப்பவருக்கும் அதே ஆபத்து. மாத்திரைகளைத் தவறாமல் எடுக்கும் ஒழுங்கு தனக்கு இல்லை என்று தெரிந்தவர் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். வளையம் பொருத்தும் பழைய முறை இப்போது அருகிவிட்டது, அதை விட்டுவிடலாம்.

எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகளைப் பற்றியும் இப்போதெல்லாம் கேட்கிறார்கள். டிர்செபடைடும், எடைக்குறைப்புக்கான செமாக்ளூடைடும் 2025-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. டிர்செபடைடின் உச்ச அளவில் 72 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் 21 சதவீதம் வரை குறைந்ததை ஆய்வு காட்டியது. நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு எடை திரும்புகிறது. ஊசியைத் தேர்ந்தெடுத்தாலும் புரதமும் மெல்லுவதும் கொறிப்பும் அதே கேள்விகளாகவே நிற்கும். இந்த ஊசியில் இருந்துகொண்டே அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் மயக்க மருத்துவரிடம் அதைச் சொல்ல மறக்கக் கூடாது. இரைப்பை மெதுவாகக் காலியாவதால் மயக்கத்தில் உணவு மேலே ஏறி நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு.

அறுவைக்குப் பின்: எதிலிருந்து புரதம்?

படிநிலைகள் மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்று மாறும். பொதுவாக ஓரிரு நாள் தெளிந்த திரவம், இரண்டு வாரம் வரை பால், மோர் போன்ற திரவங்கள், மூன்றாம் நான்காம் வாரத்தில் மசித்தவை, ஐந்தாம் ஆறாம் வாரத்தில் மிருதுவானவை, அதற்குப் பிறகு வழக்கமான உணவு. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதமும் ஒன்றரை லிட்டர் திரவமும் இலக்கு.

உறவினர்கள் அன்போடு கொண்டுவருவது கஞ்சி, பருப்புத் தண்ணீர், ஆட்டுக்கால் சூப். கஞ்சி முழுக்க மாவு. பருப்புத் தண்ணீரில் பருப்பின் வாசனைதான் இருக்கும். புரதம் அடியில் தங்கிய பருப்போடு பாத்திரத்திலேயே நின்றுவிடுகிறது. ஆட்டுக்கால் சூப்பில் கிடைப்பது பெரும்பாலும் ஜெலட்டின், தசைக்கு அது முழுமையான புரதமில்லை. மூன்றையும் தள்ளிவிட வேண்டாம், ஆனால் அவற்றை நம்பி வயிற்றின் சிறிய இடத்தை நிரப்பிவிட்டால் உடல் தன் தசையைக் கரைத்துக்கொள்ளும். மூன்றாம் மாதத்தில் கொத்துக்கொத்தாக முடி உதிரும்போது எல்லோரும் பதறுகிறார்கள். வேகமாக இளைக்கும்போது ஓரளவு உதிர்வது இயல்பு, பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். புரதமும் இரும்பும் குறைந்தால் அது நீளும்.

அசைவர், சைவர், பவுடர் என்று மூன்றையும் எடை போட்டுப் பார்க்கலாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20. நூறு கிராம் பனீரில் 18. ஒரு டம்ளர் பாலில் 6. ஒரு இட்லியில் 2 கிராம்தான். இரண்டாம் மாதத்தில் ஒரு வேளைக்கு அரைக் கிண்ணத்துக்குச் சற்று மேல்தான் இறங்கும். அசைவர் ஒருவர் முட்டை, மீன், தயிர், பால் என்று சமாளித்து 50 கிராமை எட்டிவிடலாம். சைவர் பனீரும் கட்டிப் பருப்பும் சோயா உருண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டாலும் அந்த அளவுக்குள் எட்டுவது மிகக் கடினம். ஆகவே சைவருக்கு முதல் ஆறு மாதம் பவுடர் கட்டாயம் என்றே சொல்வேன். முட்டை சாப்பிடுபவருக்கு முதல் இரண்டு மாதம் போதும், பிறகு தேவைக்கேற்பக் குறைக்கலாம். பைபாஸுக்குப் பின் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு பொருமினால் லாக்டோஸ் நீக்கிய வகையோ சோயா, பட்டாணிப் புரதமோ வாங்க வேண்டும்.

ஐந்தாம் வாரத்தில் ஒரு முட்டை எப்படிச் சாப்பிடப்படுகிறது என்பதைப் பார்த்தால்தான் இந்த வாழ்க்கை புரியும். மென்மையாகக் கிளறிய ஒற்றை முட்டை, குழந்தைக்குச் சோறூட்டும் சின்னக் கிண்ணத்தில். டீஸ்பூனில் பாதி எடுத்து, கூழாகும் வரை மென்று, ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். பாதியிலேயே முட்டை ஆறிவிடும். வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள். ஏழெட்டு வாய்க்குப் பிறகு ஒரு விக்கல் வரும், அல்லது மூக்கு ஒழுகும், அல்லது நெஞ்செலும்புக்குக் கீழே ஒரு அழுத்தம். அதுதான் நிறுத்து என்ற அறிகுறி. "இன்னும் ஒரே வாய்" என்று போனால் நுரை நுரையாக எச்சில் பொங்கி வாந்தியில் முடியும். இந்த அறிகுறி ஆளுக்கு ஆள் மாறும். தனக்கு எது என்று கண்டுகொண்டவர் பாதிக் கிணறு தாண்டியவர்.

சிக்கிக்கொள்ளும் உணவுகள் தமிழ்ச் சமையலறையில் நிறையவே உண்டு. பரோட்டாவும் ரொட்டியும் மாவுருண்டையாகத் திரண்டு நிற்கும். வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்த் துருவல், கமலாப்பழத்தின் வெள்ளைத் தோல் இவற்றின் நார் சேர்ந்து உருண்டையாகி அடைத்துக்கொண்ட நோயாளிகள் உண்டு. குழைந்த சோற்றைவிட உதிரிச் சோறு சிலருக்கு நன்றாக இறங்கும், சிலருக்கு நேர்மாறு.

மூன்று வேளையா, ஆறு வேளையா?

முதல் இரண்டு மூன்று மாதம் ஆறு வேளைதான், வேறு வழியில்லை. ஒரு வேளைக்கு இறங்குவது அவ்வளவுதான் என்பதால் பிரித்துத்தான் எடுக்க முடியும். தவறு அதற்குப் பிறகு நடக்கிறது. "கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி" என்ற அறிவுரை மனதில் பதிந்துவிட, ஆறு வேளை எட்டாகி, காலை பதினொரு மணிக்கு இரண்டு பிஸ்கட், நான்கு மணிக்கு ஒரு கைப்பிடி மிக்சர், சமைக்கும்போது நாலு முந்திரி என்று நாள் முழுவதும் வாய் அசைந்துகொண்டே இருக்கும். தேநீரில் நனைத்த பிஸ்கட் இரைப்பையில் தங்குவதே இல்லை. இப்படிக் கொறிப்பவர்களுக்கும், கட்டுப்பாடிழந்து சாப்பிடுவதாக உணர்பவர்களுக்கும் எடை திரும்புவது அதிகம் என்று பல ஆய்வுகள் ஒத்துச் சொல்கின்றன. ஆறாம் மாதத்துக்குப் பிறகு மூன்று வேளை, திட்டமிட்ட ஒரு சிற்றுண்டி, இதுதான் என் தேர்வு. சிற்றுண்டி தட்டில் வைத்து, உட்கார்ந்து சாப்பிடும் சுண்டலோ முட்டையோ ஆகட்டும்.

எடை திரும்புவதும் கற்பனையில்லை. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய நீண்ட ஆய்வில் பைபாஸ் செய்துகொண்டவர்கள் ஒன்றிரண்டு ஆண்டுகளில் உடல் எடையில் சராசரியாக 32 சதவீதம் வரை இளைத்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாக நின்றது. இது தோல்வியில்லை, நல்ல முடிவுதான். ஆனால் இரண்டாம் ஆண்டில் மூன்று கிலோ ஏறியதும் வெட்கப்பட்டு ஆலோசனைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறவர்களுக்கு இந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரணச் சத்து மாத்திரையின் அளவு இதற்குப் போதாது. இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளியில் எடுக்க வேண்டும். காபி, தேநீரோடு இரும்பு மாத்திரையை விழுங்கினால் பாதி வீண். பி12-ஐ மட்டும் மாத்திரையா ஊசியா என்று தேர்ந்தெடுக்கலாம், மறதிக்காரர்களுக்கு ஊசி நல்லது. விடாமல் வாந்தி எடுப்பவர் "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. தயாமின் (வைட்டமின் பி1) குறைந்தால் சில வாரங்களிலேயே நடை தள்ளாடும், பார்வை இரண்டாகும், நினைவே பாதிக்கப்படும். பக்கத்துக் கிளினிக்கில் குளுகோஸ் ஏற்றுவதற்கு முன் தயாமின் கொடுக்க வேண்டும் என்பதால், அறுவை செய்துகொண்ட விவரத்தை அங்கே முதலிலேயே சொல்வது அவசியம். பெண்கள் முதல் 12 முதல் 18 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவதும் இந்தச் சத்துக் கணக்கோடு சேர்ந்ததே.

கல்யாணப் பந்தி தனி சோதனை. இலையில் மிச்சம் வைத்தால் மரியாதைக் குறைவு, கை வைத்து மறைத்தாலும் பரிமாறுகிறவர் விடமாட்டார். பந்தியில் உட்காராமல் நழுவுவது ஒரு வழி. ஆனால் "உடம்பு சரியில்லையா" என்ற விசாரணை மண்டபம் முழுக்கத் தொடரும். வீட்டிலேயே முட்டையோ பனீரோ சாப்பிட்டுவிட்டு வந்து, ஒரு குழந்தையோடு இலையைப் பகிர்ந்துகொண்டு பருப்பும் கூட்டும் மட்டும் தொட்டுக்கொள்பவர்கள் நிம்மதியாகத் திரும்புகிறார்கள். வரவேற்பில் மது இருந்தால் மட்டும் கூடுதல் கவனம். குறிப்பாக பைபாஸுக்குப் பின் மது சீக்கிரம் இரத்தத்தில் ஏறும், அதிக உச்சத்துக்கும் போகும். முன்பு மூன்று கோப்பை தாங்கியவருக்கு ஒன்றே போதுமானதாகிவிடும். உணவில் கிடைத்த ஆறுதலை மதுவில் தேடத் தொடங்கியவர்களும் உண்டு.

நடு இரவில் எழுந்து சாப்பிடுபவர், வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் தனியாகச் சாப்பிட்டுவிட்டு அழுபவர், இவர்களுக்கு முன்பா பின்பா என்ற கேள்விக்கே இடமில்லை. அறுவைக்கு முன்பே மனநல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். அப்படிச் சொன்னால் ஆபரேஷனை ரத்து செய்துவிடுவார்கள் என்று பயந்து மறைக்கிறார்கள். பெரும்பாலும் ரத்தாவதில்லை. சில மாதம் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான்.

தேதிக்கு இரண்டு வாரம்தான் மீதமிருக்கிறது, எதையுமே தொடங்கவில்லை என்பவர் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடிக்க வேண்டாம். கல்லீரலைச் சுருக்க மருத்துவர் கொடுத்த உணவுத் திட்டத்தைப் பிசகாமல் எடுக்கட்டும். சாப்பாட்டுத் தட்டின் அருகிலிருந்து தண்ணீர்ச் செம்பை அப்புறப்படுத்தட்டும். காபியில் சர்க்கரையை நிறுத்தட்டும். மற்றவற்றை மசித்த உணவு நாட்களில் கற்றுக்கொள்ளலாம். மூன்று மாதம் கையில் இருப்பவர் இன்றிரவே ரசம் சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பொரியலையும் முட்டையையும் முதலில் மென்று பார்க்கலாம்.